அஸ்னா கேட்ட உம்மா

சிறுபிள்ளைகளுக்குக் கார்ட்டூன் படம் எடுக்கிறவர்களுக்குத் தாயைச் சாகடிக்காமல் ஒரு கதையைத் தொடங்கத் தெரியாது. மீனோ, குருவியோ, குரங்கோ, எதுவாக இருந்தாலும் முதல் பத்து நிமிஷத்துக்குள் தாய் போய்ச் சேர்ந்துவிட வேண்டும். பிறகு மழை பெய்யும். பின்னால் வயலின் இழுபடும். குட்டி ஒரு பாட்டுப் படிக்கும். பாட்டு முடிகிற நேரம் பார்த்து வெயில் எறிக்கும், துக்கமும் தீர்ந்துவிடும். வம்புக்குச் சொல்லவில்லை. ஒரு முள்ளம்பன்றிப் படத்தை மணிக்கூட்டைப் பார்த்துப் பார்த்து முழுக்கப் பார்த்திருக்கிறேன். தாய் செத்தது ஒன்பதாவது நிமிஷம். வெயில் வந்தது பதினாலாவது நிமிஷம்.

அந்தப் படத்தை ஒரு மாதம் முந்திப் பார்த்திருந்தால் எனக்கும் என் மச்சானுக்கும் கலியாணம் என்று கல்முனை முழுக்கக் கதை பரவியிருக்காது. அந்த வயிற்றெரிச்சலில்தான் இதை எழுதுகிறேன்.

எனக்கு மூத்தவ, என் ராத்தா றுக்ஸானா டெங்குக் காய்ச்சலில் மௌத்தாகிப் போனா. காய்ச்சல் தொடங்கி ஆறே நாள். வயது முப்பத்தொன்று. அவவுக்கு ஒரே பிள்ளை அஸ்னா, ஆறு வயது, முதலாம் வகுப்பு. மாப்பிள்ளை ஸப்ரி மச்சான் பஸ் டிப்போவில் நேரம் பதிகிற வேலை. எந்த பஸ் எத்தனை மணிக்கு வெளிக்கிட்டது என்று கேட்டால் நிமிஷம் தவறாமல் சொல்லுவார். வேறு எதைக் கேட்டாலும் நிலத்தைப் பார்ப்பார்.

எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்த ஆண் பெண்ணுடைய வீட்டுக்குத்தான் வந்து குடியிருக்க வேண்டும். ராத்தாவுக்காக வாப்பா கட்டிக் கொடுத்த வீடு வளவின் முன்பக்கம். பின்வீட்டில் என் உம்மா, வாப்பா, நான். ராத்தா போன பிறகு முன்வீட்டில் மச்சானும் பிள்ளையும் மட்டும். இந்த ஏற்பாட்டுக்குள் ஒரு பயம் ஒளிந்திருந்தது. மச்சான் வெளியில் கலியாணம் முடித்தால் அந்தப் பெண்ணுடைய வீட்டுக்குப் போக வேண்டும். பிள்ளையும் கூடப் போகும். மகளைக் கொடுத்த என் உம்மா சுபைறாவுக்கு இனி பேத்தியையும் கொடுக்க ஏலாது. அந்தப் பயம் எனக்கு விளங்காதது இல்லை. அதற்கு மருந்து நான்தான் என்று எல்லோரும் எடுத்த முடிவுதான் எனக்கு விளங்கவில்லை.

ஜனாஸா எடுத்த அன்றைக்கு யாரோ ஒரு சொந்தக்காரப் பெடியன் அஸ்னாவின் கையில் படம் பார்க்கிற ஒரு டெப்பைத் திணித்துவிட்டுப் போனான். அழாமல் இருக்கட்டும் என்ற நல்ல எண்ணம். அதில் இருந்த முள்ளம்பன்றிப் படத்தைப் பிள்ளை ஒரு நாளைக்கு மூன்று தடவை பார்த்தாள். இந்தியாவில் தமிழில் குரல் கொடுத்த படம். யாரும் கூட இருந்து பார்க்கவில்லை. பார்த்தவர்கள் எல்லாம் பிள்ளையைத்தான் பார்த்தார்கள். "பாவம், ஒண்டும் விளங்கல்ல, படம் பாத்துட்டு இரிக்கி" என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணி குடித்தார்கள். நானும் அப்படித்தான். நான் ஏதோ பெரிய ஆள் என்று நினைக்க வேண்டாம்.

ராத்தாவின் நாற்பதாம் நாள் கத்தத்தன்று வீடு நிறைய ஆட்கள். முன்வீட்டு மண்டபத்தில் பாய் விரித்து ஐம்பது அறுபது பெண்கள். யாஸீன் ஓதி முடித்துத் துஆவும் முடிந்து, நெய்ச்சோறு நிறைத்த சகன் தட்டங்களை நான் உள்ளே கொண்டு வந்துகொண்டிருந்தேன். எட்டு நாளாக நித்திரை இல்லை. கையில் சகன், அதற்கு மேல் இறைச்சிக் கோப்பை. அப்போது அஸ்னா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து என் முன்னால் நின்றாள். புது உடுப்பு. தலையை நிமிர்த்தி, மண்டபம் முழுக்கக் கேட்கிற மாதிரிக் கேட்டாள்.

"சாச்சி, எனக்கு ஒரு உம்மா குடுப்பீங்களா?"

மூலையில் இருந்த யாரோ விசும்பத் தொடங்க, அடுத்தவ தொடர, ஒரு நிமிஷத்துக்குள் ஐம்பது அறுபது பெண்களும் அழுதார்கள். என் உம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சரிந்தா. வாப்பாவின் தங்கச்சி ஜெனூபா மாமி பாய்ந்து வந்து பிள்ளையை வாரி மடியில் போட்டுக்கொண்டா.

"கேட்டீங்களாகா? யத்தீம் புள்ளட வாயில அல்லாஹ்தான் இந்தக் கதையப் போட்டிரிக்கான். ஆருக்கிட்டப் போய்க் கேட்டிரிக்கி எண்டு பாருங்க. அவட சொந்தச் சாச்சிக்கிட்ட."

யத்தீம் என்றால் தகப்பன் இல்லாத பிள்ளை. அஸ்னாவின் தகப்பன் அந்த நேரம் வெளியே கதிரை அடுக்கிக்கொண்டிருந்தார். அதைக்கூட நான் சொல்லவில்லை. சகனைப் பிடித்துக்கொண்டு மரமாக நின்றேன். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் எல்லோரையும் பார்த்தேன்.

அந்த நேரம் வாயைத் திறக்காததுதான் நான் செய்த மாபெரும் பிழை. எங்கள் மார்க்கத்தில் கன்னிப் பெண்ணிடம் சம்மதம் கேட்கும்போது அவள் பேசாமல் இருந்தால் அதுவே சம்மதம். ஆறு வயதுப் பிள்ளை ஒன்று கேட்டதற்கும் அந்தச் சட்டம் பொருந்தும் என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. ஜெனூபா மாமிக்குப் பொருந்தியது. சோறு முடிந்து கைகழுவுகிற இடத்தில் கதை முடிவாகிவிட்டது.

நான் மெயின் வீதியில் ஒரு அச்சகத்தில் வேலை செய்கிறேன். கலியாணக் கார்ட், மௌத் அறிவித்தல், பாலர் பாடசாலைச் சான்றிதழ் எல்லாம் கம்ப்யூட்டரில் கோர்த்துக் கொடுப்பது நான்தான். எழுத்துப் பிழை கண்டால் எனக்குப் பொறுக்காது. அடுத்த திங்கட்கிழமை வேலைக்குப் போனபோது முதலாளி எழும்பி வந்து, "பிள்ளைக்காக நீங்க எடுத்த முடிவு பெரிய முடிவு தங்கச்சி. உங்கட கார்ட நானே என்ட கையால செஞ்சு தாறன்" என்றார். கண்ணும் கலங்கியிருந்தது. ஒரு மனிதர் அழுதுகொண்டு நல்லது செய்ய வரும்போது அவரோடு சண்டை பிடிக்க முடியுமா? இந்த ஊரில் நல்ல மனசுக்காரர்களிடமிருந்து தப்புவதுதான் எல்லாவற்றிலும் கஷ்டம்.

உம்மாவிடம் எனக்கு இது வேண்டாம் என்று சொன்னேன். ஒரு தரமில்லை, ஒன்பது தரம். மச்சான் ராத்தாவை முடித்து வரும்போது எனக்குப் பதினெட்டு வயது. ஏ.எல். சோதினைக்கு என்னைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போய் விட்டவர். இன்றைக்கும் தங்கச்சி என்றுதான் கூப்பிடுகிறார். அவர் நல்ல மனிதர். நல்ல மனிதர்கள் எல்லோரையும் கலியாணம் முடிக்க ஏலுமா என்று கேட்டேன்.

"நான் உன்னக் கேக்கல்ல" என்றா உம்மா. "அந்தப் புள்ள கேட்டிரிக்கி. அதுக்கு நீ என்ன சொல்லப் போற? மறுகா அவர் வேற எடத்துல முடிச்சு, புள்ளய ஒரு மாற்றாந்தாய்க்கிட்ட விட்டுட்டு நாம இஞ்ச நெய்ச்சோறு தின்னுறதா?"

எனக்கு அஸ்னா என்றால் உயிர். அதை வைத்துத்தான் என்னைப் பிடித்தார்கள். ராத்திரி பாயில் கிடந்து, முடியாது என்று சொன்னால் நான் எப்படிப்பட்ட பெண் என்று என்னையே கேட்டுக்கொண்டேன். முடியும் என்று சொன்னால் இனி என் சீவியம் முழுக்க ராத்தாவின் கட்டில், ராத்தாவின் அலுமாரி, ராத்தாவின் மாப்பிள்ளை. நான் எங்கே?

ஒரு காலை மச்சானைக் கிணற்றடியில் மடக்கினேன்.

"மச்சான், உங்களுக்கு இது விருப்பமா?"

அவர் வாளியைப் பார்த்தார். "புள்ள கேட்டிரிக்கி தங்கச்சி. நான் என்னத்தச் சொல்ல?"

"உங்கட விருப்பத்தச் சொல்லுங்க."

"பெரியாக்கள் கதைக்கிறாங்க. பாப்பம்."

தங்கச்சி என்று கூப்பிட்டுக்கொண்டே என்னைக் கலியாணம் முடிக்கத் தயாராக நிற்கிற மனிதனை என்ன செய்வது? வாளியைப் பிடுங்கித் தலையில் கவிழ்க்க வேண்டும் போல இருந்தது. எனக்கு ஒரு உதவி மட்டும் செய்திருக்கலாம், முடியாது என்று அவர் சொல்லியிருக்கலாம். அவரும் நான் சொல்லுவேன் என்று காத்திருந்திருக்கிறார் என்பது பிறகுதான் தெரிந்தது.

இதற்கிடையில் அஸ்னா கேட்பதை நிறுத்தவில்லை. வகுப்பு ஆசிரியையிடம் கேட்டிருக்கிறாள். அவ வகுப்பைப் பாதியில் விட்டுவிட்டு அதிபரின் அறையில் போய் அழுதாவாம். பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிப் போகிற ஆட்டோக்காரரிடம் கேட்டிருக்கிறாள். அவர் ஆட்டோவை ஓரமாக நிற்பாட்டி, ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்திருக்கிறார். பக்கத்து வீட்டிலும் கேட்டிருக்கிறாள், அவர்கள் இரண்டு முழம் சீத்தைத் துணி கொடுத்தார்கள். கேட்ட இடமெல்லாம் கட்டிப் பிடித்தார்கள், தலையைத் தடவினார்கள், ஏதாவது கையில் கொடுத்தார்கள். பிறகு நேராக எங்கள் வீட்டுக்கு வந்து உம்மாவிடம் சொன்னார்கள். எல்லாம் எனக்கெதிரான சாட்சியாகச் சேர்ந்துகொண்டே போனது. கடைசியில், வருகிற வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து பெரியவர்கள் கூடி, கலியாணக் காவின் எழுத நாள் குறிப்பது என்று ஜெனூபா மாமி அறிவித்தா.

அந்த வியாழக்கிழமை பின்னேரம்தான் செல்லத்தங்கம் அக்கா வந்தா. பாண்டிருப்பிலிருந்து சைக்கிளில் கீரையும் பயற்றங்காயும் கொண்டு வந்து எங்கள் ஒழுங்கையில் விற்கிறவ. நான் லீவு போட்டுவிட்டு, ஒரு பக்கத் தலையிடியோடு வாசலில் நின்று கீரைக்கட்டைப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். அஸ்னா படியிறங்கி வந்து அவவிடமும் கேட்டாள். "எனக்கு ஒரு உம்மா குடுப்பீங்களா?"

நான் கண்ணை மூடிக்கொண்டேன். இனி இவவும் அழுவா, பாண்டிருப்புக்கும் கதை போகும் என்று நினைத்தேன்.

செல்லத்தங்கம் அக்கா அழவில்லை. கையில் இருந்த தராசைக் கீழே வைத்தா. சேலைத் தலைப்பால் வாயைத் துடைத்தா. குனிந்து அஸ்னாவின் கன்னத்தில் அழுத்தி ஒரு முத்தம் கொடுத்தா, சத்தம் எனக்கே கேட்டது. பிறகு தராசை எடுத்து, "முளைக்கீரை ரெண்டு கட்டு போடவா பிள்ளை?" என்றா. அஸ்னா கன்னத்தைத் துடைக்காமல், வேலை முடிந்த ஆளாக உள்ளே போய்விட்டாள்.

"அக்கா, இப்ப என்ன செஞ்ச நீங்க?"

"உம்மா கேட்டது, குடுத்தன். அதில என்ன?"

"எந்த உம்மா?"

அவ என்னை ஒரு மாதிரிப் பார்த்தா. "எந்த உம்மாவோ? எங்கட பேரப்பிள்ளையளும் இப்பிடித்தான். டிவியப் பாத்துப் பாத்து, கொஞ்சச் சொல்லிக் கேக்குதுகளா? உம்மா குடு, உம்மா குடு எண்டுதான் வருங்கள். தாயில்லாப் பிள்ளை, ஆசைக்குக் கேக்குது. குடுத்தா என்ன குறைஞ்சா போயிடும்?"

இந்தியப் படம் பார்க்காத ஆட்களா நாங்கள்? முத்தத்தை அங்கே உம்மா என்று சொல்லுவதை நூறு தரம் கேட்டிருக்கிறோம், சிரித்திருக்கிறோம். ஆனால் தாய் மௌத்தாகி நாற்பதாம் நாள், ஒரு பிள்ளை சபையில் வந்து உம்மா என்று கேட்டால் எங்கள் வீட்டில் யாருக்கு முத்தம் ஞாபகம் வரும்? எங்களுக்கு உம்மா என்றால் பெற்றவ. ஒரே ஒரு அர்த்தம். முத்தத்துக்கு நாங்கள் கொஞ்சுவது என்போம். தாயை அம்மா என்று கூப்பிடுகிற செல்லத்தங்கம் அக்காவுக்கு அந்தச் சொல்லில் எந்தக் குழப்பமும் இல்லை. எழுத்துப் பிழை பிடித்துச் சம்பளம் வாங்குகிற எனக்கு இது தட்டுப்படவில்லை.

கீரையை வாசலிலேயே விட்டுவிட்டு உள்ளே போய், அஸ்னாவின் பக்கத்தில் தரையில் இருந்தேன். "அந்தப் படத்த முதல்ல இருந்து போடுங்க மகள். சாச்சியும் பாக்கிறன்."

அவளுக்குச் சந்தோஷம். இத்தனை நாளில் கூட இருந்து பார்க்க வந்த முதல் ஆள் நான்தான்.

தாய் முள்ளம்பன்றி மண்சரிவில் போனது. மழை, வயலின், பாட்டு. தாய் நட்சத்திரமாகி மேலே மினுங்கியது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. யாரும் குளிப்பாட்டவில்லை, தொழுவிக்கவில்லை, நாற்பது நாள் அடுப்படியில் வேகவில்லை. அந்தக் காட்டில் ஒருவருக்கும் மாமி இல்லை. குட்டியைப் பார்த்து இனி உன் சாச்சியை யாருக்கு முடிப்பது என்று ஒரு நரியாவது கேட்க வேண்டுமே.

"நம்மட உம்மா மையவாடியிலதானே இரிக்காங்க சாச்சி?" என்று கேட்டாள் அஸ்னா.

"ஓம் மகள். மண்ணுக்குள்ளதான்."

"அதான. இவங்களுக்குத் தெரியா." அவள் நட்சத்திரத்தைக் கையால் தள்ளி வேகமாக ஓட்டினாள். "இனித்தான் நல்லம். பாருங்க."

முள்ளம்பன்றிக் குட்டி காட்டுக்குள் தனியாக நடந்தது. முதலில் ஒரு முயலைக் கண்டது. "எனக்கு ஒரு உம்மா குடுப்பீங்களா?" என்று கேட்டது. முயல் அதன் முள்ளைப் பார்த்துவிட்டு ஓட்டம் எடுத்தது. அடுத்து மான், குரங்கு, மயில். எல்லாம் பல்லைக் காட்டிச் சிரித்து, தலையாட்டி, பின்பக்கமாக நழுவின. அஸ்னா ஒவ்வொன்றும் வருமுன் எனக்கு அறிவித்தாள். "இவரும் குடுக்க மாட்டார். இவ அழுவா, ஆனா குடுக்க மாட்டா. பதினொரு பேருக்கிட்டக் கேக்கணும் சாச்சி. மறுகாதான் ஆமை வரும்."

ஆமை வந்தது. கேட்டதும் கழுத்தை நீட்டி, முள்ளுக்கு நடுவில் இடம் பார்த்து, குட்டியின் நெற்றியில் ஒரு முத்தம் வைத்தது. பூப் பூத்தது, பறவைகள் பறந்தன, கண்றாவியெல்லாம் நடந்தது. ஆனால் அந்த ஒரு நொடி என்னால் திட்ட முடியவில்லை.

"அப்ப நீங்க எல்லார்கிட்டயும் கேட்டது இதத்தானா?"

"ஓம். உம்மா மௌத்தாப் போனா இப்பிடித்தான் கேக்கிற" என்றாள் அஸ்னா, பள்ளிக்கூடத்தில் படிப்பித்துத் தந்ததைச் சொல்லுகிற மாதிரி.

நான் டெப்பை அவள் கையிலிருந்து பறித்துக்கொண்டு பின்வீட்டுக்கு ஓடினேன். தப்பிவிட்டேன் என்பதைத் தவிர என் தலைக்குள் வேறு ஒன்றுமே இல்லை. உம்மா அடுப்படியில் நாளைக்கு வருகிறவர்களுக்காக வட்டிலாப்பத்துக்குப் பால் பிழிந்துகொண்டிருந்தா. முயலிலிருந்து ஆமை வரை எல்லாவற்றையும் போட்டுக் காட்டினேன். அவ கையைத் துடைக்காமலே பார்த்தா.

"முள்ளம்பண்டிக்காக நாள மாத்தச் சொல்றியா?" என்றா.

"நாள மாத்தச் சொல்லல்ல. பிழையா விளங்கியிரிக்கோம் எண்டு சொல்றன்."

"அத நாளைக்கு வாறாக்களுக்கிட்டச் சொல்லு." பிறகு பால் பிழியத் தொடங்கினா. பிழிந்து எறிந்த சக்கையையே மறுபடி எடுத்துப் பிழிந்தா. அவவுக்கு விளங்கிவிட்டது. விளங்கினால் பேத்தி போய்விடுவாளே என்ற பயத்தில் விளங்காத மாதிரி இருந்தா.

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து வந்தார்கள். மச்சானின் பெரியப்பா, ஜெனூபா மாமி, அவவின் மாப்பிள்ளை. இறக்காமத்துத் தோட்டத்தில் யானை வராமல் காவல் கிடந்த என் வாப்பா அபூசாலியும் காலையில்தான் வந்து குளித்து, ஒரு கதிரையில் கண் சொருகிப் போய் இருந்தார். மச்சான் கதவடியில் நின்று நிலத்தைப் பார்த்தார். பெண்கள் உள்ளே இருந்து கேட்பதுதான் வழக்கம். நான் டெப்போடு மண்டபத்துக்குள் போய் நடுவில் நின்றேன்.

சொன்னேன். அழுகை வந்தது, கோபம் வந்தது, சொல் தடுமாறியது, ஆனாலும் முழுக்கச் சொன்னேன். பிள்ளை கேட்டது தாயை இல்லை, முத்தம் என்றேன். உம்மா என்ற சொல்லுக்கு அந்தப் படத்தில் என்ன அர்த்தம் என்றேன். முள்ளம்பன்றி என்றதும் வாப்பா கண்ணைத் திறந்து, "அந்தச் சனியன்தான் என்ட மரவள்ளி எல்லாத்தையும் கிண்டிப் போட்ட" என்றார்.

"இதெல்லாம் வேணாம் எண்டு சொல்லுறதுக்குக் கண்டுபிடிச்ச கதை" என்றா ஜெனூபா மாமி. "புள்ளயக் கூப்பிடுங்க. புள்ள சொல்லட்டும்."

அஸ்னாவைக் கூட்டி வந்தார்கள். மாமி அவளைப் பக்கத்தில் நிறுத்தி, குரலில் சீனி கலந்து கேட்டா. "மகள், நீங்க சாச்சிக்கிட்ட என்னத்தக் கேட்ட?"

"உம்மா" என்றாள் அஸ்னா.

மாமி சபையைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தா. எனக்குத் தலையைச் சுவரில் முட்ட வேண்டும் போல இருந்தது. "எந்த உம்மா எண்டு கேளுங்க" என்றேன்.

"கன்னத்துல குடுக்கிற உம்மா" என்றாள் அஸ்னா. எல்லோரையும் ஒரு தரம் பார்த்தாள். இவ்வளவு பெரிய ஆட்களுக்கு இதுகூடத் தெரியவில்லையே என்ற சலிப்பு அந்த முகத்தில் இருந்தது. "மத்த உம்மாதான் மௌத்தாப் போனாங்களே. அவங்கள ஆருக்கிட்டக் கேக்கிற?"

ஜெனூபா மாமி விடவில்லை. அவவைக் கெட்டவ என்று சொல்ல மாட்டேன். ஒரு நல்ல காரியத்தைத் தொடங்கினால் ஆள் செத்தாலும் முடித்துவிட்டுத்தான் விடுவா. "சரி மகள். அப்ப இந்தச் சாச்சியே உங்களுக்கு உம்மாவா வந்தா? அது விருப்பம்தானே?"

அஸ்னா யோசித்தாள். இந்தப் பிள்ளை ஓம் என்று தலையாட்டினால் பிறகு எனக்கு வாயே இல்லை, நானே அதற்கு ஓம் சொல்லிவிடுவேன் என்று அந்த நேரம் தெரிந்தது.

"அப்ப எனக்குச் சாச்சி இல்லாமப் போயிடுவாவே" என்றாள்.

வாப்பா எழும்பினார். தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டார். "போதும்" என்றார். "புள்ள ஒராள இழந்து போய் நிக்கிது. நாம ரெண்டாவது ஆளையும் எடுக்கப் பாக்கிறோம். எனக்கு நாளும் வேணாம், ஒண்டும் வேணாம்."

அப்போதுதான், அத்தனையும் முடிந்த பிறகு, கதவடியில் இருந்து மச்சான் வாயைத் திறந்தார்.

"நான் எங்கயும் போக மாட்டன் மாமா" என்றார் வாப்பாவைப் பார்த்து. "எனக்கு வேற கலியாணமும் வேணாம். நானும் புள்ளயும் இஞ்சதான். நீங்க போகச் சொன்னாத்தான் போற." சொல்லிக்கொண்டே அழத் தொடங்கினார். ராத்தா போன நாளிலிருந்து அந்த மனிதன் அழுததை யாரும் கண்டதில்லை. என் உம்மா உள்ளே இருந்து ஓடி வந்து, மருமகனைத் தொடக்கூடாது என்ற வழக்கத்தையும் மறந்து, அவர் தோளைப் பிடித்துக்கொண்டா. இந்த நாலு வரியை அன்றைக்கே கிணற்றடியில் சொல்லியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்று எனக்கு அவர்மேல் கோபம் கோபமாக வந்தது. அழுகையும் வந்தது.

எல்லோரும் வட்டிலாப்பம் தின்றுவிட்டுப் போனார்கள். ஜெனூபா மாமி இரண்டு துண்டு தின்றா. நான் பின்படியில் போய் இருந்தேன். உடம்பிலிருந்து ஒரு மூட்டை இறங்கின மாதிரி இருந்தது. அந்தச் சுகத்தில் கொஞ்ச நேரம் சும்மா இருந்தபோதுதான் அது உறைத்தது.

கத்தத்தன்று அவள் என்னிடம் கேட்டாள். நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை, சபையைப் பார்த்தேன். நேற்று அவளிடமே விளக்கம் கேட்டு, அது முத்தம்தான் என்று தெரிந்துகொண்ட பிறகும், டெப்பைப் பறித்துக்கொண்டு என்னைக் காப்பாற்ற ஓடினேன். கார்ட்டூன் காட்டு மிருகங்களாவது முள்ளுக்குப் பயந்து ஓடின. இந்த ஊரிலேயே கேட்டதைக் கொடுத்த ஒரே ஆள் கீரை விற்க வந்தவ.

அஸ்னா கிணற்றடியில் சிரட்டையில் மண் நிரப்பிக்கொண்டிருந்தாள். நான் போய் முழங்காலில் இருந்து, அவள் முகத்தை இரண்டு கையாலும் பிடித்தேன். "வாங்க மகள். சாச்சி உம்மா தாறன்."

அவள் முகத்தை மெதுவாக விடுவித்துக்கொண்டாள். கோபம் இல்லை.

"அது அண்டைக்குக் கேட்டது சாச்சி" என்றாள். மறுபடி மண்ணை அள்ளினாள்.

அன்றிலிருந்து நான்தான் கேட்டுக்கொண்டு திரிகிறேன். காலையில் பள்ளிக்கூடத்துக்குத் தலை பின்னும்போது, பின்னேரம் அவள் வந்து சப்பாத்துக் கழற்றும்போது, அஸ்னா, சாச்சிக்கு ஒரு உம்மா குடுப்பீங்களா என்று கேட்கிறேன். அவள் பல்லிடுக்கில் ரிப்பனைக் கடித்துக்கொண்டு, கண்ணாடிக்குள் என்னைப் பார்க்கிறாள்.

"பாப்பம்" என்கிறாள்.